அப்பா போனுக்கு வரும் எஸ்எம்எஸ் கடைப் போனிலும் வர வேண்டும் என்றால்

கேள்வி இதுதான். குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம். வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, ஈ-வே பில் (லாரியில் சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு), வீட்டு சிலிண்டர் என்று எல்லா இடத்திலும் அப்பாவின் ஒரே எண் பதிவாகியிருக்கிறது. அப்பா வீட்டில், மூத்த மகன் வேலூர் சாரதி மாளிகை பக்கம் கடையில், தம்பி ராணிப்பேட்டையில் வேலையில். லாரி கிளம்பும் நேரத்துக்கு ஓடிபி அப்பா போனில் வந்து கிடக்கும், அப்பா மத்தியானத் தூக்கத்தில் இருப்பார். "அப்பா நம்பருக்கு வர்ற எல்லா எஸ்எம்எஸ்ஸும் மூணு போன்லயும் வர்ற மாதிரி ஆப் இருக்கா? போட்டா ஏதாவது பிரச்சினை வருமா?"

ஆப் நிறைய இருக்கிறது. போட பத்து நிமிடம் போதும். பிரச்சினை "எல்லா" என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. வரவு-பற்று செய்தியும் சிலிண்டர் கோடும் மூன்று போனுக்கும் போகட்டும், தப்பில்லை. ஓடிபி போகக்கூடாது. லாரி நிற்கும் சிக்கலுக்கு எஸ்எம்எஸ்ஸைத் தொடாமலேயே வழி இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலில் எஸ்எம்எஸ் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தி கணக்கைத் தேடி வருகிறது, எஸ்எம்எஸ் சிம்மைத் தேடி வருகிறது. சிம் கம்பெனியின் குறுஞ்செய்தி மையம் அதை வைத்திருந்து, சிம் இருக்கும் போன் "வாங்கிக்கொண்டேன்" என்று பதில் சொன்னதும் தன் வரிசையிலிருந்து எடுத்துவிடும். அதே செய்தியை இன்னொரு போனுக்கும் கொடு என்று அந்த மையத்திடம் கேட்க வழியில்லை. ஆகவே எந்த ஆப் என்ன பெயரில் விளம்பரம் செய்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: அப்பாவின் போன் செய்தியை வாங்கி, அதை நகலெடுத்து, இணையம் வழியாக வேறு இடத்துக்கு அனுப்புகிறது. அப்பா போன் அணைந்திருந்தால் நகலும் இல்லை. டேட்டா தீர்ந்திருந்தால் நகல் அங்கேயே தேங்கும். போகும் வழியில் யாருடைய சர்வர் இருக்கிறதோ, அவர்கள் கையிலும் அது படும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கால் ஃபார்வர்டிங் போட்டால் எஸ்எம்எஸ்ஸும் சேர்ந்து போகும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. குரல் அழைப்பு மட்டும்தான் போகும். ஆனால் அழைத்துச் சொல்லப்படும் ஓடிபியும் அதோடு போய்விடும். மோசடிக்காரர்கள் பேச்சுக்கொடுத்து நட்சத்திரம் 401 என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னது இதற்காகத்தான். அப்படி எண் அழுத்தி அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அப்பா போனில் *#21# அழுத்தினால் அழைப்பு வேறெங்காவது திருப்பப்பட்டிருக்கிறதா என்று தெரியும். ##002# அழுத்தினால் திருப்பியது எல்லாம் ரத்தாகும்.

இப்போது அப்பாவின் இன்பாக்ஸைத் திறந்து, ஒரு வாரச் செய்திகளை மட்டும் மேலிருந்து கீழே தள்ளிப் பாருங்கள். சிலிண்டர் கொண்டுவரும் பையனிடம் சொல்ல வேண்டிய கோடு. ரேஷனில் என்ன வாங்கினோம் என்ற செய்தி. கரண்ட் பில். அம்மாவின் ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மெண்ட். நகைக் கடன் வட்டிக்கு நினைவூட்டல். கணக்கில் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது, மீதி எவ்வளவு. நடுநடுவே ஓடிபி. வீட்டின் நாட்குறிப்பே அங்கே கிடக்கிறது. முழு இன்பாக்ஸையும் இணைக்கும் ஆப் இன்றைய செய்தியோடு நிற்காது, மூன்று வருஷத்துப் பழையதையும் சேர்த்துக் கொண்டுபோகும். கடையில் இருக்கும் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து வைத்தால் கணக்கு எழுத வருபவரும் படிக்கலாம்.

ஆகவே லாரி பிரச்சினையை வேறு பக்கமிருந்து பிடிப்போம்.

ஈ-வே பில் தளத்தில் இரண்டாம் அடுக்கு சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்பது, 2025 ஜனவரி 1 முதல் 20 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும், பிப்ரவரி 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும், ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயம் என்று படிப்படியாக வந்தது. அதில் ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் மட்டும் வருவதில்லை. சந்தேஷ் என்ற அரசுச் செய்தி ஆப்பிலும் வரும், என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு என்ற ஆப்பிலும் எடுக்கலாம். அந்த ஷீல்டு ஆப் போனிலேயே எண்ணை உருவாக்குகிறது, அதற்கு நெட்கூட வேண்டாம். இதைவிட நல்ல வழி, அப்பாவின் லாகினில் போய் பயனர் மேலாண்மை பகுதியில் உங்கள் பெயரில் ஒரு துணைப் பயனர் கணக்கைத் திறப்பது. துணைப் பயனருக்கு அவரவர் பதிவுசெய்த எண்ணுக்கே ஓடிபி வரும். நீங்கள் வேலூரில் இருந்தபடியே உங்கள் எண்ணில் ஓடிபி வாங்கி பில் எடுக்கலாம், அப்பாவை எழுப்ப வேண்டாம். பில் உருவாக்க மட்டும் அனுமதி கொடுத்து மற்றதை மூடிவைக்கவும் முடியும். இன்னொன்று: தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தால்தான் ஈ-வே பில் தேவை. மாநிலம் தாண்டினால் 50,000. சித்தூர், பெங்களூருக்குப் போகும் கட்டுகளுக்குத்தான் அடிக்கடி வேண்டியிருக்கும்.

ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு வரும் ஓடிபி கையொப்ப அதிகாரம் உள்ளவரின் மொபைலுக்கும் மின்னஞ்சலுக்கும் சேர்ந்தே வருகிறது. பல கடைகளில் அந்த மின்னஞ்சல் ஆடிட்டர் அலுவலகத்தில் யாரோ எப்போதோ திறந்துகொடுத்ததாக இருக்கும், பாஸ்வேர்டு யாருக்கும் நினைவிருக்காது. பதிவுத் திருத்தத்தில் அதைக் கடையின் சொந்த மின்னஞ்சலாக மாற்றிவிட்டால் அந்தக் கதை முடிந்தது.

வங்கிக்கு வருவோம். நடப்புக் கணக்கில் உங்களையும் ஒப்பமிடும் அதிகாரத்தோடு சேர்க்கச் சொல்லி கிளையில் மனு கொடுங்கள். உங்களுக்குத் தனி லாகின், தனி ஓடிபி கிடைக்கும். வணிகக் கணக்குக்கான நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிந்து இன்னொருவர் ஒப்புதல் தரும் ஏற்பாடும் உண்டு. அப்பா வீட்டிலிருந்து ஒப்புதல் மட்டும் தரலாம். கடையில் யுபிஐ பணம் வந்ததா என்று தெரிந்துகொள்ள எஸ்எம்எஸ்ஸை எதிர்பார்ப்பதே பழைய பழக்கம், சவுண்ட்பாக்ஸ் வாங்கி வையுங்கள். சிறு தொகைக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதைச் சில வங்கிகள் நிறுத்தியும் விட்டன. எச்டிஎஃப்சி வங்கி 2024 ஜூன் 25 முதல் 500 ரூபாய்க்குக் கீழ் யுபிஐ வரவுக்கும் 100 ரூபாய்க்குக் கீழ் செலவுக்கும் எஸ்எம்எஸ் அனுப்புவதில்லை.

அப்பா எண்ணின் யுபிஐயை உங்கள் போனில் ஓட்டலாமே என்று எஸ்எம்எஸ் நகலைக் கேட்கிறீர்கள் என்றால், அது நடக்காது. யுபிஐ ஆப் பதிவாகும்போது உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸை வெளியே அனுப்பி, அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பார்க்கிறது. உள்ளே வரும் செய்தியின் நகலால் அதை நிறைவேற்ற முடியாது. சிம் அந்தப் போனில் இருந்தாக வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் மூன்று போனுக்கும் போக வேண்டியதாக மிஞ்சுவது கொஞ்சம்தான்: பெரிய தொகை வரவு-பற்று, சிலிண்டர் கோடு, கரண்ட் பில், லாரி ஆபீஸ் செய்தி. இதற்கு என்னென்ன வழி என்று பார்ப்போம்.

கூகுள் மெசேஜஸ் ஆப்பில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தட்டினால் சாதன இணைப்பு இருக்கும். மறுபக்கம் பிரவுசரில் மெசேஜஸ் டாட் கூகுள் டாட் காம் சாய்கோடு வெப் திறந்து இணைத்தால் முழு இன்பாக்ஸும் அங்கே தெரியும். இலவசம், சுலபம். ஆனால் வடிகட்ட வழியில்லை, எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்பதுதான் ஏற்பாடு. அதைவிடப் பெரிய விஷயம், இணைத்த இடத்திலிருந்து அப்பாவின் எண்ணில் செய்தி அனுப்பவும் முடியும். படிக்க மட்டும் திறந்த கதவு என்று நினைக்கிறோம், அதில் வெளியே போகவும் வழி இருக்கிறது. கடைக் கம்ப்யூட்டரில் இதைப் போடவே வேண்டாம் என்பது என் கருத்து. போட்டே ஆக வேண்டுமென்றால் "இந்தக் கணினியை நினைவில் வை" என்பதை அணைத்துவிட்டுப் போடுங்கள்.

சாம்சங் கேலக்ஸி போன்கள் என்றால் அமைப்புகளில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதிக்குள் மற்ற சாதனங்களில் அழைப்பும் செய்தியும் என்று ஒரு வசதி இருக்கிறது. ஐபோனில் மெசேஜஸ் அமைப்புக்குள் டெக்ஸ்ட் மெசேஜ் ஃபார்வர்டிங். இரண்டுக்கும் இரு பக்கமும் ஒரே கணக்கில் லாகின் ஆகியிருக்க வேண்டும். ஒரு ஆளே இரண்டு சாதனம் வைத்திருந்தால் சரி, அப்பாவும் மகனும் ஒரே கணக்கைப் பகிர்ந்தால் போட்டோ, தொடர்பு எண்கள் எல்லாம் கலந்து ஒரு வாரத்தில் வீட்டில் சண்டை. ஐபோன்காரர்களுக்கு ஒரு குறிப்பு: ஐகிளவுடில் ஒத்திசையும் செய்திகள் இரு முனைக்கும் இடையே பூட்டியே போகின்றன, ஆனால் ஐகிளவுட் பேக்கப் போட்டிருந்தால் அந்தப் பூட்டின் சாவியும் பேக்கப்புக்குள் போய்விடுகிறது. அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன் போட்டால்தான் அந்த ஓட்டை அடைபடும்.

உங்கள் தேவைக்குச் சரியாகப் பொருந்துவது, விதி போட்டு வடிகட்டி அனுப்பும் ஃபார்வர்டர் ஆப். ஒரே பெயரில் பத்து ஆப் இருக்கும். தேர்வுசெய்ய மூன்றே கேள்வி. அனுப்பியவர் பெயரையும் செய்தியில் உள்ள சொல்லையும் வைத்து விதி போட முடிகிறதா? நகல் நேராக நாம் சொன்ன முகவரிக்குப் போகிறதா, இல்லை ஆப் செய்தவரின் சர்வர் வழியாகவா? எஸ்எம்எஸ் அனுமதி தவிர தொடர்பு எண்கள், இருப்பிடம் என்று வேறு எதையாவது கேட்கிறதா? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத ஆப்பைத் தொடாதீர்கள். பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள்.

போடும் முறை. முதலில் அனுப்புவதற்கென்றே ஒரு புது ஜிமெயில் கணக்கைத் திறந்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, அதில் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்குங்கள். ஃபார்வர்டரில் அந்தப் பாஸ்வேர்டைத்தான் கொடுக்க வேண்டும், உங்கள் சொந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டை அல்ல. அது கசிந்தாலும் போவது அந்தக் காலிக் கணக்கு மட்டும். நகல் போய்ச் சேரும் முகவரியாக உங்களுடையதையும் தம்பியுடையதையும் போடுங்கள். அனுப்பிய பெட்டியில் நகல் தங்கும், அதை மாதம் ஒருமுறை காலிசெய்யுங்கள். டெலிகிராம் பாட் (தானியங்கிக் கணக்கு) மூலம் அனுப்பும் வசதியும் இருக்கும், வேகமும் அதிகம். ஆனால் பாட் உரையாடல் இரு முனைப் பூட்டுக்குள் வராது, பாட்டின் டோக்கன் என்ற ரகசியச் சாவி கிடைத்த யாரும் அதை இயக்கலாம். வரவு-பற்றுச் செய்திக்கு மின்னஞ்சலின் அரை நிமிடத் தாமதம் ஒன்றும் செய்யாது.

அடுத்து விதி. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குவது. வங்கி எஸ்எம்எஸ்ஸின் தலைப்பைக் கவனியுங்கள்: முதலில் இரண்டு எழுத்து, ஒரு கோடு, பிறகு வங்கியைக் குறிக்கும் ஆறு எழுத்து, மறுபடி ஒரு கோடு, கடைசியில் ஒற்றை எழுத்து. முதல் இரண்டும் எந்த கம்பெனி, எந்த வட்டம் வழியாக வந்தது என்பதைக் காட்டுவதால் ஒரே வங்கிக்கு இன்று ஒன்று, நாளை வேறொன்று வரும். முழுத் தலைப்பையும் அப்படியே கொடுத்து "சமம்" என்று விதி போட்டால் பாதிச் செய்தி விட்டுப்போகும். நடு ஆறு எழுத்தை மட்டும் கொடுத்து "அடங்கியிருந்தால்" என்று போடுங்கள். கடைசி எழுத்து 2025-ல் வந்தது: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. டி-யைத் தடுத்தால் ஓடிபி நின்றுவிடும் என்று நம்பிவிடாதீர்கள், எஸ் தலைப்பிலும் ஓடிபி வருகிறது.

தடுக்கும் சொற்பட்டியல் போடுவதைவிட அனுமதிக்கும் பட்டியல் போடுவதே மேல். "ஓடிபி என்ற சொல் இருந்தால் அனுப்பாதே" என்று விதி போட்டால், ஒரு வங்கி ஒன் டைம் பாஸ்வேர்டு என்று எழுதும், இன்னொன்று வெரிஃபிகேஷன் கோட் என்று எழுதும், எண்ணை மட்டும் அனுப்பும் ஆட்களும் உண்டு. அதற்குப் பதில், தலைப்பில் நம் வங்கியின் ஆறு எழுத்தும் செய்தியில் கிரெடிட்டட் அல்லது டெபிட்டட் என்ற ஆங்கிலச் சொல்லும் இருந்தால் மட்டும் அனுப்பு என்று போடுங்கள். அதன்மேல் ஓடிபி சொற்களைத் தடுக்கும் விதியையும் வைத்தால் இரட்டைத் தாழ்ப்பாள். சிலிண்டருக்கு எரிவாயு நிறுவனத் தலைப்பை மட்டும் தனி விதியாகச் சேருங்கள்.

பிறகு ஆப்பின் பேட்டரி அமைப்பில் "கட்டுப்பாடு இல்லை" கொடுங்கள். ஷாவ்மி, விவோ, ஒப்போ, ரியல்மி போன்களில் ஆட்டோ ஸ்டார்ட் என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கும், அதையும் போட வேண்டும். இல்லையென்றால் ஆப் இரண்டு நாள் ஓடிவிட்டு மூன்றாம் நாள் சத்தமில்லாமல் செத்திருக்கும். ஒப்போ, ரியல்மி போன்கள் சிலவற்றில் ஓடிபியை மற்ற ஆப் படிக்காமல் தடுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. அதை அணைக்காதீர்கள், நமக்கு அது நல்லதே. சோதிக்க ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிட்டு "வேலை செய்யலையே" என்று தலையைச் சொறிய வேண்டாம். சிறு தொகைக்குச் சில வங்கிகள் எஸ்எம்எஸ் அனுப்பாததால் 600 ரூபாயாக அனுப்பிப் பாருங்கள்.

இதற்குமேல் என்ன கெடும்? அடிக்கடி கெடுவது போன் ரீஸ்டார்ட் ஆகும்போது. ஆண்ட்ராய்டு போன் அணைந்து எழுந்தபின், ஒருமுறையாவது பூட்டைத் திறக்கும்வரை உள்ளே இருக்கும் தரவு பூட்டியே கிடக்கும், இந்த மாதிரி ஆப்கள் எழும்பாது. ராத்திரி தானாக அப்டேட் ஆகி எழுந்த போனை அப்பா காலையில் திறக்காமல் வைத்திருந்தால் நகல் எதுவும் வராது. பழைய போன் ஒன்றில் சிம்மைப் போட்டு சார்ஜிலேயே ஒரு மூலையில் வைத்துவிடலாம் என்று யோசிப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. கூடவே அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருபத்திநாலு மணி நேரமும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பி பின்மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். அப்படி வைப்பதென்றால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு உள்ள போனாகப் பாருங்கள், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

மின்னஞ்சலுக்குப் பதில் எஸ்எம்எஸ்ஸாகவே திருப்பி அனுப்பினால் கணக்கு வேறு. ஆங்கிலச் செய்தி 160 எழுத்து வரை ஒன்று, தாண்டினால் துண்டுக்கு 153. தமிழ் என்றால் 70, தாண்டினால் துண்டுக்கு 67. "அனுப்பியவர் இன்னார்" என்று ஆப் முன்னால் ஒரு வரி சேர்த்ததுமே ஒன்று இரண்டாகும். பெரும்பாலான பேக்கில் நாளுக்கு 100 எஸ்எம்எஸ்தான். அப்பா போன் உங்களுக்கும், உங்கள் போன் அப்பாவுக்கும் திருப்பி அனுப்பும்படி இரண்டு பக்கமும் விதி போட்டுவிட்டால், ஒரே செய்தி பந்து மாதிரி அங்குமிங்கும் அடிபட்டு சில நிமிடத்தில் பேக் காலி.

எஸ்எம்எஸ்ஸாகத் திருப்புவதில் எனக்குப் பிடிக்காத இன்னொன்று, தலைப்பு தொலைந்துபோவது. வங்கியின் ஆறு எழுத்துத் தலைப்பில் வந்த செய்தி, உங்களிடம் வரும்போது அப்பாவின் பத்து இலக்க எண்ணிலிருந்து வருகிறது. நாளடைவில் "சாதா நம்பரிலிருந்து வங்கிச் செய்தி வரும்" என்று கண் பழகிவிடும். பணம் போட்டதாகப் பொய்ச் செய்தி அனுப்பி "தெரியாம அனுப்பிட்டேன், திருப்பிப் போடுங்கண்ணே" என்று கேட்பவனுக்கு வேண்டியதே அந்தப் பழக்கம்தான். எந்த வழியில் நகல் வந்தாலும், சரக்கை ஏற்றும்முன் கணக்கில் பணத்தைப் பார்த்தபின்தான் ஏற்ற வேண்டும்.

இப்போது ஆபத்தின் அடிமடிக்கு வருவோம். கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் ஏபிகே (ஆப்பை நிறுவும்) கோப்பு வருகிறதே, அதை நிறுவியதும் பணம் போகிறதே, அந்த ஆப் உள்ளே செய்வதும் இதே வேலைதான். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கும், வரும் ஓடிபியை நகலெடுக்கும், வெளியே அனுப்பும். நீங்கள் போடும் ஃபார்வர்டருக்கும் திருடனின் ஃபார்வர்டருக்கும் இயந்திரம் ஒன்று, போய்ச்சேரும் முகவரிதான் வேறு. ஆகவே வெளியிலிருந்து நிறுவும் ஆப்பை பிளே புரொடெக்ட் என்ற கூகுளின் பாதுகாப்பு வசதி தடுத்தால், யாராவது யூடியூபில் சொல்லிக்கொடுத்தபடி அதை அணைத்துவிட்டு நிறுவாதீர்கள். "கட்டுப்படுத்தப்பட்ட அமைப்பை அனுமதி" என்று மூன்று புள்ளியைத் தட்டச் சொல்லும் எந்த வழிகாட்டியும் அப்பாவின் போனுக்கு வேண்டாம்.

சரி, ஆப்பே வேண்டாம், அப்பாவிடம் போனில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்பீர்கள். பெரும்பாலான வீடுகளில் அதுதான் நடக்கிறது. மாதத்தில் ஒருமுறை என்றால் பரவாயில்லை. தினம் நடந்தால், "இன்னாடா, ஏதோ நம்பர் வந்துகீது, படிக்கட்டா?" என்று அப்பாவே கூப்பிட்டுச் சொல்லப் பழகிவிடுவார். யார் கேட்டாலும் எண்ணை வாய்விட்டுப் படிப்பது கை தானாகச் செய்யும் காரியமாகிவிடும். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன் கேட்கும் நாளில் அந்தப் பழக்கம் அவனுக்கும் உதவும். அப்பாவோடு ஒரு ஒப்பந்தம் வையுங்கள்: யார் கேட்டாலும் வைத்துவிட்டு, மகனின் எண்ணை அவரே தேடிக் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும், அதையும் செய்தியில் உள்ள தொகையை முதலில் படித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஓடிபியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது இதைவிட மோசம். அந்தக் குரூப்பில் உள்ள ஒவ்வொருவரின் இணைந்த கம்ப்யூட்டரிலும் அது தெரியும்.

அப்பாவின் சம்மதத்தையும் பேசிவிட வேண்டும். அவர் தூங்கும்போது போனை எடுத்து ஆப்பைப் போட்டுவிட்டு "நல்லதுக்குத்தான்" என்பது சரியல்ல. நகைக் கடன் வட்டி எவ்வளவு, எந்த டாக்டரைப் பார்க்கப் போகிறார் என்பதையெல்லாம் மகன்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. விதிகளை அவர் முன்னால் போட்டு, எது போகும், எது போகாது என்று படித்துக் காட்டுங்கள். கணவன், மனைவி போனில் தெரியாமல் போடுவது பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளில் நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு, அனுமதியில்லாமல் அடுத்தவர் சாதனத்தின் தரவை எடுப்பது குற்றம், 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

சிம்மையும் மறக்கக்கூடாது. எல்லாப் பூட்டுக்கும் அந்த எண்தான் சாவி. அமைப்புகளில் சிம் லாக் போட்டு பின் வையுங்கள், திருடியவன் வேறு போனில் சிம்மைப் போட்டாலும் ஓடிபி எடுக்க முடியாது. ஆரம்ப பின் எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், கேட்டுவிட்டுப் போடுங்கள். மூன்று முறை தப்பானால் பியூகே என்ற திறப்பு எண்ணைக் கேட்கும், அதைப் பத்து முறை தப்பாக அடித்தால் சிம் போச்சு. அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வரவும் போகவும் செய்யாது. அது மோசடியைத் தடுக்க வைத்த விதி. மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய அன்று சிம் மாற்றப் போகாதீர்கள். அப்பா எண்ணின் ரீசார்ஜையும் விட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் கிடப்பில் போட்டால் எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறு யாருக்கோ போய்விடும்.

பணம் போய்விட்டது என்றால் முதலில் அப்பா போனில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். மூன்றாம் ஆள் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி. ஆனால் வாடிக்கையாளரே ரகசிய எண்ணைப் பகிர்ந்திருந்தால், புகார் சொல்லும்வரையான நஷ்டம் அவருடையது. ஓடிபியை நாமே ஒரு ஆப் மூலம் மூன்று இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம் என்றால் வங்கி எந்தப் பக்கம் வாதாடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு திரை. அப்பா போனில் அமைப்புகள், தனியுரிமை, அனுமதி மேலாளர், எஸ்எம்எஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற ஆப்கள் அங்கே வரிசையாக நிற்கும். மெசேஜஸ், போன், வங்கி ஆப், யுபிஐ ஆப், நீங்கள் போட்ட ஃபார்வர்டர். அதற்குக் கீழே டார்ச் லைட், ராசிபலன், எப்போதோ போட்ட லோன் ஆப் ஏதாவது தெரிந்தால் ஒவ்வொன்றாகத் தட்டி "அனுமதிக்க வேண்டாம்" கொடுத்துவிட்டு, ஆப்பையும் நீக்குங்கள். கூகுள் மெசேஜஸ் அமைப்பில் 24 மணி நேரத்துக்குப் பின் ஓடிபியைத் தானாக அழிக்கும் பொத்தான் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். ஃபார்வர்டரை நிறுவும் வேலையை இதெல்லாம் முடித்தபின் தொடங்கலாம்.